யாருடைய சம்பளம் வாங்கினார்? – பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் படை அதிகாரியின் பணி வரலாற்றைத் தேடும் வழி

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் சுவர்களில் கும்பினிக் கால அதிகாரிகளின் நினைவுக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. பெல்லாரி, திருச்சி, வெலிங்டன் போன்ற பழைய கன்டோன்மென்ட் ஊர்களின் கல்லறைத் தோட்டங்களிலும் அத்தகைய கற்கள் உண்டு. ஒரு பெயர், ஒரு பதவி, ஒரு ரெஜிமென்ட், இறந்த தேதி, உறவினர் எழுதிய புகழுரை ஆகியவற்றுக்கு மேல் அந்தக் கற்களில் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. அந்த ஒற்றை வரியிலிருந்து தொடங்கி, அவர் எப்போது படையில் சேர்ந்தார், எப்படிப் பதவி உயர்ந்தார், எந்தெந்த நாட்டு மக்களுக்கு எதிராக எந்தெந்தப் போர்களுக்கு அனுப்பப்பட்டார், அங்கே உண்மையில் என்ன செய்தார் என்பவற்றை ஆவணங்களின் துணையோடு எப்படிக் கண்டறிவது என்பதை இங்கே விளக்குகிறேன். வழிமுறையை வெறுமனே சொன்னால் மனத்தில் நிற்காது. ஆகவே, 1857-இல் லக்னோவில் இறந்த ஜேம்ஸ் நீல், அதே ஆண்டில் அவருக்கு மேலதிகாரியாக வந்த ஹென்றி ஹேவ்லாக், 1879-இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் போரிட்ட ஜான் சார்டு, கான்வில் புரோம்ஹெட் ஆகிய நால்வரையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதல் கேள்வி: எந்தப் படை?

தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பெயரை இணையத்தில் தட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவருக்குச் சம்பளம் கொடுத்தது இங்கிலாந்து அரசா, கிழக்கிந்தியக் கும்பினியா? 1858-இல் இந்திய ஆட்சி ராணியின் கைக்கு மாறும் வரை, இந்தியாவில் இரண்டு வகைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் அருகருகே பணிபுரிந்தார்கள். ஒரு வகையினர் லண்டனிலிருந்து சில ஆண்டுகளுக்கென்று அனுப்பப்பட்ட அரசரின் ரெஜிமென்ட்டுகளைச் சேர்ந்தவர்கள். மற்றொரு வகையினர் வங்காளம், சென்னை, பம்பாய் என்று கும்பினி தனித்தனியே வைத்திருந்த மூன்று படைகளைச் சேர்ந்தவர்கள். இந்த இரு வகையினரின் பதவி உயர்வு முறையும் வேறு, ஆவணங்கள் இருக்கும் இடமும் வேறு. அரசரின் படையினருடைய தாள்கள் லண்டனுக்கு அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், கும்பினிப் படையினருடையவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பிலும் உள்ளன. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தேடினால், ஒரு வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டுப் பூட்டோடு போராடுவதாகவே முடியும்.

ரெஜிமென்ட்டின் பெயரே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். '24ஆம் ஃபுட்', '13ஆம் லைட் இன்ஃபன்ட்ரி' என்று எண்ணும் காலாட்படை வகையும் மட்டும் இருந்தால் அது அரசரின் படை. 'மெட்ராஸ்', 'பெங்கால்', 'பாம்பே' என்ற சொல் முன்னால் நின்றாலோ 'நேட்டிவ் இன்ஃபன்ட்ரி' என்று இருந்தாலோ அது கும்பினிப் படை. நம் எடுத்துக்காட்டில் நீல் கும்பினிக்காரர். 1827-இல் சென்னைப் படையில் சேர்ந்து, பிற்காலத்தில் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்று பெயர் பெற்ற ஐரோப்பிய ரெஜிமென்ட்டில் வளர்ந்தவர். ஹேவ்லாக் அரசரின் படைக்காரர். அவர் 1815-இல் சேர்ந்தது 95ஆம் ரைஃபிள்ஸ் என்ற ரெஜிமென்ட். இந்தியாவுக்கு வருவதற்காகவே பின்னர் 13ஆம் லைட் இன்ஃபன்ட்ரிக்கு மாறிக்கொண்டார்.

எண்களிலும் பெயர்களிலும் ஏமாந்துவிடக் கூடாது. 1824-இல் மூன்று மாகாணப் படைகளிலும் பட்டாலியன்கள் தனித்தனி ரெஜிமென்ட்டுகளாகப் பிரிக்கப்பட்டு எண்கள் மாற்றப்பட்டன. ஆகவே 1820-இல் ஓர் எண்ணோடு காணும் படையும் 1830-இல் அதே எண்ணோடு காணும் படையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நீலின் ரெஜிமென்ட் கும்பினி ஆட்சி முடிந்தபின் அரசின் படையில் சேர்க்கப்பட்டு 102ஆம் ஃபுட் ஆயிற்று, 1881-இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியனாக மாறியது. சென்னையில் பிறந்த ஒரு படையின் பிற்கால வரலாற்றை டப்ளின் என்ற பெயருக்குக் கீழே தேட வேண்டியிருப்பது இதனால்தான். அதே 1881-இல் 24ஆம் ஃபுட் சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆனது. எண்களை விட்டு மாவட்டப் பெயர்களுக்கு மாறிய அந்த ஆண்டை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்வது நல்லது.

பதவித் தேதிகளே முதுகெலும்பு

படை தெரிந்தபின் அடுத்து எடுக்க வேண்டியது ஆர்மி லிஸ்ட். ஒவ்வொரு ரெஜிமென்ட்டிலும் இருந்த அதிகாரிகளைப் பதவி வாரியாகவும் மூப்பு வாரியாகவும் அச்சிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பதவி கிடைத்த தேதியைத் தரும் அரசுப் பட்டியல் இது. இதற்கு இணையாக ஹார்ட் என்ற அதிகாரி 1839 முதல் தாமே ஒரு பட்டியலை வெளியிட்டார். அதில் அடிக்குறிப்பாக ஒவ்வொருவரின் போர்ப் பணியும் சுருக்கமாகக் கொடுக்கப்பட்டிருப்பதால், நமக்கு அது அரசுப் பட்டியலைவிடப் பயன்படும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இந்தப் பட்டியல்கள் பலவற்றைப் படியெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ வீட்டில் உட்கார்ந்தபடியே பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

புரட்டும்போது ஓர் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். முதலில் அவர் இறந்த அல்லது ஓய்வு பெற்ற ஆண்டின் பட்டியலை எடுத்து, அங்கிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். பெயர் காணாமற்போகும் இடம் வந்ததும் ஆண்டு ஆண்டாக நகர்ந்து, முதல் கமிஷன் தேதியை, அதாவது அவர் முதன்முதலாக அதிகாரியாக நியமனம் பெற்ற தேதியைப் பிடித்துவிடுங்கள். ஒரே பெயரில் மூன்று நான்கு அதிகாரிகள் இருப்பது அந்தப் படைகளில் சாதாரணம். அவர்களைப் பிரித்தறியப் பெயரைவிட முதல் கமிஷன் தேதியே நம்பகமான அடையாளம். அந்தத் தேதி கையில் இருந்தால் மற்ற எந்த ஆவணத்தைத் திறந்தாலும் இவர்தாம் நம் ஆள் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

இந்தத் தேதிகள் எவ்வளவு முக்கியமானவை என்பதற்கு ரோர்க்ஸ் டிரிஃப்ட்டைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. 1879 ஜனவரி 22 அன்று அந்தச் சிறு நிலையத்தின் பொறுப்பில் இருந்த மேஜர் ஸ்பால்டிங், ஹெல்ப்மேக்கார் என்ற ஊருக்குப் புறப்படும் முன், அங்கே இருந்த இரண்டு லெப்டினன்ட்டுகளில் யார் மூத்தவர் என்று சார்டிடம் கேட்டார். சார்டுக்குத் தெரியவில்லை. ஸ்பால்டிங் கூடாரத்துக்குள் சென்று ஆர்மி லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வந்து, சார்டுதான் மூத்தவர், பொறுப்பு அவருடையது, எதுவும் நடக்கப் போவதில்லை என்று சொல்லிச் சென்றதாகச் சார்டே பின்னர் எழுதியிருக்கிறார். சில மணி நேரத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலு வீரர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர்.

பட்டியலைப் பார்த்தால் இதில் ஒரு முரண் தெரியும். புரோம்ஹெட் படையில் சேர்ந்தது 1867-இல், சார்டு சேர்ந்தது 1868-இல். பிறகு சார்டு எப்படி மூத்தவரானார்? புரோம்ஹெட் 24ஆம் ஃபுட்டில் என்சைன் என்ற கடைநிலைப் பதவியை விலைக்கு வாங்கிச் சேர்ந்தார், லெப்டினன்ட் ஆனது 1871-இல்தான். சார்டு வுல்விச் அகாடமியில் பயின்று ராயல் என்ஜினியர்ஸில் சேர்ந்தவர். அந்தப் பிரிவில் என்சைன் பதவி கிடையாது என்பதால் 1868-இலேயே லெப்டினன்ட் ஆகிவிட்டார். மூப்பு என்பது படையில் சேர்ந்த தேதியைப் பொறுத்ததன்று, இப்போது வகிக்கும் பதவி கிடைத்த தேதியைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொண்டவருக்கு ஆர்மி லிஸ்ட் வெறும் பெயர்ப் பட்டியலாகத் தோன்றாது.

பணமா, மூப்பா, தயவா?

ஒருவர் பதவி உயர்ந்த வேகத்தைத் திறமைக்குச் சான்றாகக் கொள்வது இத்துறையில் மிகவும் பரவலான பிழை. 1871 நவம்பர் 1 வரை அரசரின் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் பெரும்பாலான பதவிகள் விலைக்கு வாங்கப்பட்டன. காலாட்படையில் அரசு நிர்ணயித்த விலை என்சைனுக்கு 450 பவுண்டு, லெப்டினன்ட்டுக்கு 700, கேப்டனுக்கு 1,800, மேஜருக்கு 3,200, லெப்டினன்ட் கர்னலுக்கு 4,500. குதிரைப்படையில் லெப்டினன்ட் கர்னல் பதவியின் விலை 6,175 பவுண்டு. ஏற்கெனவே வகித்த பதவியை விற்றுவிட்டு மேற்பதவியின் விலையில் எஞ்சியதை மட்டும் கட்டினால் போதும் என்றாலும், விதிக்குப் புறம்பாக இதற்கு மேலும் கொடுப்பது வழக்கமாகவே இருந்தது. பீரங்கிப் படையிலும் என்ஜினியர்ஸிலும் இந்த வாணிபம் கிடையாது. அங்கே மூப்பு மட்டுமே பேசியது.

பணம் இல்லாதவர் நிலை என்ன என்பதற்கு ஹேவ்லாக்கின் தேதிகளைப் பாருங்கள். 1815-இல் சேர்ந்த அவர் கேப்டன் ஆனது 1838-இல். முதல் பர்மியப் போரிலும் பணிபுரிந்துவிட்ட அந்த மனிதர் இருபத்து மூன்று ஆண்டுகள் கீழ்நிலை அதிகாரியாகவே இருந்தார், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பணம் கட்டி அவரைத் தாண்டிச் சென்றார்கள். ஆகவே கமிஷன் அறிவிப்பில் 'விலைக்கு வாங்கி' என்றும் 'விலையின்றி' என்றும் வரும் சொற்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பதவிகள் அனைத்தும் அறிவிக்கப்பட்ட லண்டன் கெஜட்டில் அவை தெளிவாக இருக்கும். அந்தக் கெஜட்டும் இணையத்தில் இலவசமாகத் தேடக்கூடியதே. பதவி கேட்டு எழுதிய விண்ணப்பங்களைப் பார்க்க விரும்பினால், கியூ காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், அதாவது போர்த் துறை) 31 என்ற வரிசை இருக்கிறது. மகனுக்காகத் தந்தை எழுதிய கடிதமும், கணவனைப் போரில் இழந்த தாய் எழுதிய கடிதமும், பெரிய மனிதர்களின் பரிந்துரைகளும் அங்கே ஒன்றாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அதிகாரியின் குடும்பம் எந்தத் தட்டில் இருந்தது என்பதை அந்தத் தாள்கள் சொல்வது போல வேறெதுவும் சொல்வதில்லை.

கும்பினிப் படையில் பதவி விற்பனைக்கு இல்லை. உள்ளே நுழைவதற்குக் கும்பினி இயக்குநர் ஒருவரின் நியமனம் வேண்டும். நுழைந்தபின் மேலே இருப்பவர் இறந்தாலோ ஓய்வு பெற்றாலோதான் அடுத்தவருக்கு இடம். மூத்தவர் விரைவில் வீடு திரும்பட்டும் என்று இளையவர்கள் பணம் திரட்டிக் கொடுத்ததும் உண்டு. நீல் 1827-இல் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் கழித்து 1857-இல் லெப்டினன்ட் கர்னலாகத் தம் ரெஜிமென்ட்டை நடத்திக்கொண்டு கல்கத்தாவில் இறங்கினார் என்பதை இந்த முறையின் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். கும்பினி அதிகாரிக்குத் தேட வேண்டியவை பிரிட்டிஷ் நூலகத்தின் 'எல்/மில்/9' வரிசையில் உள்ள கேடட் தாள்கள். ஞானஸ்நானச் சான்று, கல்வி, எந்த இயக்குநர் நியமித்தார், யார் பரிந்துரைத்தார் என்பவை அங்கே கிடைக்கும். பணிப் பதிவேடுகள் வங்காளத்துக்கு 10, சென்னைக்கு 11, பம்பாய்க்கு 12 என்ற எண் வரிசைகளில் உள்ளன. பீரங்கிப் படையினரும் என்ஜினியர்களும் பெரும்பாலும் கிராய்டனுக்கு அருகே 1809 முதல் 1861 வரை நடந்த ஆடிஸ்கோம் என்ற கும்பினிப் பள்ளியில் பயின்றவர்கள்.

பிரெவெட் என்னும் குழப்பம்

ஒரே ஆண்டில் ஒருவரை ஓர் ஆவணம் கேப்டன் என்றும் மற்றோர் ஆவணம் மேஜர் என்றும் சொன்னால் எதுவும் தவறில்லை. அது பிரெவெட் பதவி. ரெஜிமென்ட்டுக்குள் அவர் கேப்டனாகவே கம்பெனி ஒன்றை நடத்துவார். பல ரெஜிமென்ட்டுகள் கூடும் இடத்தில் மட்டும் மேஜர் என்ற மூப்பு அவருக்கு உண்டு. சிறந்த பணிக்காக அதிகாரிகளுக்குக் கொடுக்கப்படும் டி.எஸ்.ஓ. என்ற விருது 1886-இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் களத்தில் சிறப்பாகப் பணிபுரிந்த இளநிலை அதிகாரிக்கு அரசு கொடுக்கக்கூடிய பரிசுகள் மிகச் சிலவே என்பதால் பிரெவெட் ஒரு முக்கியமான வெகுமதியாக இருந்தது. ஆனால் கேப்டனுக்குக் கீழ் உள்ளவருக்கு அதைக் கொடுக்க முடியாது. சார்டும் புரோம்ஹெட்டும் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டுக்குப் பின் முதலில் கேப்டனாக்கப்பட்டு உடனே பிரெவெட் மேஜர் ஆக்கப்பட்டது இதனால்தான்.

இது போதாதென்று, போர் நடக்கும் காலத்துக்கு மட்டும் அளிக்கப்படும் பதவிகளும் உண்டு. 1857-இல் நீலும் ஹேவ்லாக்கும் பிரிகேடியர் ஜெனரல் என்று அழைக்கப்பட்டது அத்தகையது. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் ரெஜிமென்ட் பதவி, படைப் பதவி (பிரெவெட்), தற்காலிகப் பதவி என்று மூன்று பத்திகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தேதி எழுதுங்கள். இதைச் செய்யாமல் ஒரே பத்தியில் எழுதியபோது, நான் பின்தொடர்ந்த அதிகாரி ஒருவர் மேஜராகி மறுபடியும் கேப்டனாக இறங்கியது போலத் தோன்றியது. அவர் ஏதோ குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்றே நான் பல வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். இறந்துபோன ஒருவரைப் பற்றித் தவறாக எழுதிவிடுவது எவ்வளவு எளிது என்பதை அன்று உணர்ந்தேன்.

பட்டியலில் ரெஜிமென்ட், ஆள் வேறெங்கோ

கும்பினி அதிகாரிகளைத் தேடும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ரெஜிமென்ட்டின் பெயரோடு அவர் பட்டியலில் இருப்பதனாலேயே அவர் அந்த ரெஜிமென்ட்டோடு இருந்தார் என்று கொள்ள முடியாது. நில அளவை, கமிசரியேட் என்ற உணவு வழங்கல் துறை, சமஸ்தானங்களில் ரெசிடென்ட்டின் உதவியாளர் என்று ரெஜிமென்ட்டை விட்டு வெளியே போனவர்கள் ஏராளம். ஜேம்ஸ் அவுட்ரம் பம்பாய்ப் படையின் காலாட்படை அதிகாரியாகத் தொடங்கியவர். ஆயினும் அவர் புகழ் பெற்ற பணிகளில் பெரும்பகுதி, கான்தேசத்தில் பில் மக்களைக் கொண்டு படை அமைத்ததும் சிந்து, அவத் ஆகிய இடங்களில் அரசியல் அதிகாரியாக இருந்ததுமே. நீலின் வரலாற்றிலும் இத்தகைய இடைவெளி உண்டு. கிரிமியப் போர்க் காலத்தில் அவர் துருக்கியப் படைவீரர்களைக் கொண்டு அமைத்த துணைப்படையில் பணிபுரிந்தார். மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸின் வரலாற்றில் மட்டும் தேடினால் அந்த ஆண்டுகள் வெற்றிடமாகத் தெரியும்.

இத்தகைய வெற்றிடங்களை நிரப்ப, விடுப்பு, நோய் விடுப்பு, அரைச் சம்பளப் பட்டியல், வேறு பணி என்ற நான்கு சாத்தியங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்க வேண்டும். அரசரின் படைக்கு, அதிகாரிகள் தாமே நிரப்பிக் கொடுத்த பணி விவரங்கள் கியூவில் டபிள்யூ.ஓ. 25 வரிசையிலும், ரெஜிமென்ட்டுகள் வைத்திருந்த பதிவேடுகள் டபிள்யூ.ஓ. 76 வரிசையிலும் உள்ளன. 1829-இல் தொகுத்த விவரங்களில் திருமணமும் குழந்தைகளின் பிறப்பும்கூட இருக்கும். சென்னைப் படையினருக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ராணுவத் துறைக் குறிப்புகள் உதவும். இங்கிலாந்துக்குச் செல்ல இயலாத நம் ஊர் ஆய்வாளருக்கு அது பெரிய வாய்ப்பு. ஊர்ப் பெயர்களை மட்டும் அக்காலத்து வழக்கில் தேட வேண்டும். திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாபோலி' என்றும், தஞ்சாவூர் 'டான்ஜோர்' என்றும், தூத்துக்குடி 'டூட்டிகாரின்' என்றும் இருக்கும். எழுத்துக் கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும்.

பதக்கங்கள் பேசுவதும் பேசாததும்

குடும்பத்தில் ஒரு பதக்கம் மிஞ்சியிருந்தால் முதலில் அதன் விளிம்பைப் பாருங்கள். பெயரும் பதவியும் ரெஜிமென்ட்டும் அங்கே பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். பிறகு நாடாவில் கோத்த பட்டையைப் பாருங்கள். பதக்கம் போரைச் சொல்லும், பட்டை இடத்தையோ காலத்தையோ சொல்லும். 1854-இல் ஏற்படுத்திய இந்தியப் பொதுப் பணிப் பதக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பதக்கமாகவே இருந்தது. 'பெகு' என்ற பட்டை இருந்தால் 1852-53 பர்மியப் போர், '1885-7 பர்மா' என்றிருந்தால் மன்னர் தீபாவின் ஆட்சி பறிக்கப்பட்ட போர். 1879-இன் தென்னாப்பிரிக்கப் பதக்கத்தில் ஊர்ப் பெயர் இல்லை, ஆண்டு மட்டுமே உண்டு. ஆகவே '1879' என்ற பட்டை அவர் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் இருந்தார் என்பதற்குச் சான்றாகாது. பட்டையே இல்லாத பதக்கம் என்றால் அவர் ஜூலு நாட்டு எல்லையைக் கடக்காமல் பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலிலேயே இருந்திருக்கலாம்.

பதக்கம் இல்லை என்பதிலிருந்தும் முடிவுக்கு வரக் கூடாது. 1803 முதல் 1826 வரை இந்தியாவிலும் பர்மாவிலும் நடந்த போர்களுக்கான பதக்கம் 1851-இல்தான் அறிவிக்கப்பட்டது, அதுவும் அப்போது உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். 1824-இல் ரங்கூனில் இறங்கி, குண்டைவிட அதிகமாகக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பலியான படையில் இருந்த பெரும்பாலானோருக்கு அது கிடைக்கவே இல்லை. வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா கிராஸ் விஷயத்திலும் இப்படியே. ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டை நடந்த அதே நாளில் ஜூலுக்களோடு இஸாண்ட்ல்வானாவில் நடந்த போரில் இறந்த மெல்வில், காக்ஹில் ஆகிய இரு அதிகாரிகள் உயிரோடு இருந்திருந்தால் பரிந்துரைக்கப்பட்டிருப்பார்கள் என்று 1879-இல் கெஜட்டில் அறிவித்ததோடு சரி. விருது அவர்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது 1907-இல். இந்தியச் சிப்பாய்கள் அந்த விருதுக்குத் தகுதி பெற்றதோ 1911-இல்தான். பதக்கப் பட்டியல்கள் கியூவில் டபிள்யூ.ஓ. 100 வரிசையில் உள்ளன.

போர்க்கள அறிக்கையைப் படிக்கும் முறை

தேதிகளும் பதக்கங்களும் எலும்புக்கூடு. அவர் களத்தில் என்ன செய்தார் என்பதற்குத் தளபதிகள் அனுப்பிய அறிக்கைகளைத் தேட வேண்டும். அவையும் லண்டன் கெஜட்டில் அச்சிடப்பட்டன. அவற்றில் 'நன்றிக்குரியவர்' என்று பெயர் வருவது வரிசைப்படி எல்லா மூத்த அதிகாரிகளுக்கும் செய்த மரியாதை. ஒரு குறிப்பிட்ட செயலைச் சொல்லி ஒருவர் பெயரைச் சொன்னால் மட்டும் அதற்குத் தனி எடை கொடுங்கள். கெஜட்டின் தேதிக்கும் நிகழ்வின் தேதிக்கும் இடையில் கடல் இருக்கிறது என்பதையும் மறவாதீர்கள். ஹேவ்லாக் 1857 நவம்பர் 24 அன்று லக்னோவில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். அந்தச் செய்தி எட்டாத இங்கிலாந்தில் இரண்டு நாள் கழித்து அவருக்குப் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் அறிவிக்கப்பட்டது.

அறிக்கையில் ஒரே வரியாக வருவதன் அடியில் எவ்வளவு புதைந்திருக்கும் என்பதற்கு ஒரு சான்று. 'சீனாவில் பணிபுரிந்தார், 1840-42' என்ற குறிப்பு சென்னைப் படை அதிகாரிகள் பலர் பெயருக்கு எதிரே இருக்கும். அந்தப் போரில், 1841 மே மாத இறுதியில், கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில், 37ஆம் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் ஏறத்தாழ அறுபது சிப்பாய்கள் கொட்டும் மழையில் படையிலிருந்து பிரிந்து, ஆயிரக்கணக்கான கிராம மக்களால் சூழப்பட்டார்கள். துப்பாக்கி மருந்து நனைந்து சுட முடியாத நிலையில், சதுரமாக அணிவகுத்து, ஈட்டிமுனைகளைக் கொண்டே மீட்புப் படை வரும் வரை நின்றார்கள். அந்தக் கிராமத்தார் தங்கள் மண்ணில் வந்து இறங்கிய படையை எதிர்த்தவர்கள் என்பதும், நின்றவர்கள் நம் ஊர்களிலிருந்து சம்பளத்துக்குப் போனவர்கள் என்பதும் ஒன்றாகவே மனத்தில் நிற்க வேண்டும். பட்டியலில் அதிகாரியின் பெயர் மட்டும் இருக்கிறது. சிப்பாய்களின் பெயருக்கு, அதிகாரியின் ரெஜிமென்ட்டையும் தேதியையும் பிடித்துக்கொண்டு மாகாண ராணுவத் துறைக் குறிப்புகளுக்குள் போக வேண்டும். அதிகாரியைத் தேடும் எவரும் இந்த இரண்டாம் தேடலையும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீலின் அறிக்கைகளைப் படிக்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 1857 ஜூனில் காசியிலும் அலகாபாத்திலும் அவர் செய்தவற்றை, கிளர்ச்சியை முதலில் தடுத்து நிறுத்திய வீரம் என்று அக்கால இங்கிலாந்து கொண்டாடியது. அந்த வாரங்களில் அந்த வட்டாரத்தில் விசாரணை என்று சொல்லத் தகாத விசாரணையின் பேரிலும், அதுவும் இல்லாமலும், ஏராளமானோர் தூக்கிலிடப்பட்டார்கள், கிராமங்கள் கொளுத்தப்பட்டன. ஜூலை 15 அன்று கான்பூரின் பீபிகரில் ஏறத்தாழ இருநூறு ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட பிறகு அங்கே பொறுப்பேற்ற நீல், பிடிபட்டவர்களைத் தூக்கிலிடும் முன் அந்தத் தரையின் இரத்தத்தைக் கட்டாயப்படுத்தித் துடைக்கச் செய்யும் ஆணையைப் பிறப்பித்தார். இது எதிரிகள் கட்டிய கதையன்று, அவரே கடிதத்தில் எழுதியது. ஆகவே பதவி உயர்வுக்குக் காரணமாக ஓர் அறிக்கை எதைச் சொல்கிறதோ, அதே நாட்களில் அதே ஊரில் வேறு யார் என்ன எழுதினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நியூசிலாந்துப் போர்களுக்கு அந்நாட்டின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' என்ற இணையத் தொகுப்பில் உள்ள பழைய நாளிதழ்கள் அவ்வாறு பயன்படும்.

மூப்பின் அரசியலும் இங்கேதான் வெளிப்படும். அலகாபாத்தில் தனித்து ஆணையிட்டுக்கொண்டிருந்த நீலுக்கு மேலே, அரசரின் படைக்காரரான ஹேவ்லாக் வந்து சேர்ந்தார். கான்பூரில் இருவருக்கும் இடையே அதிகாரம் யாருடையது என்ற கசப்பு எழுந்தது. இருவரின் பதவித் தேதிகளையும் முன்பே எழுதி வைத்திருப்பவருக்கு அந்தச் சண்டையின் வேர் உடனே புலப்படும். செப்டம்பரில் அவர்களுக்கும் மூத்தவராக வந்த அவுட்ரம், லக்னோவுக்குள் நுழையும் வரை தலைமையை ஹேவ்லாக்குக்கே விட்டுக்கொடுத்தது அந்தப் படையில் எவ்வளவு அரிய செயல் என்பதும் புரியும்.

இறப்புக்குப் பின்னும் ஏடு உண்டு

அதிகாரி இறந்த தேதியோடு தேடலை நிறுத்த வேண்டாம். இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் வங்காளத்துக்கு 'என்/1', சென்னைக்கு 'என்/2', பம்பாய்க்கு 'என்/3' என்ற வரிசைகளில் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இலவச இணையத் தளம் இவற்றில் நுழைய நல்ல வாசல். கும்பினி அதிகாரிகளின் விதவைகளுக்குக் கிளைவ் நிதியிலிருந்தும் மெட்ராஸ் மிலிட்டரி ஃபண்டிலிருந்தும் ஓய்வூதியம் கொடுத்த பதிவேடுகளில் மனைவி, மக்கள் பெயர்களும் தேதிகளும் கிடைக்கும்.

இறுதியாக, நினைவுச் சின்னங்களையும் உங்கள் அட்டவணையில் சேருங்கள். நீல் 1857 செப்டம்பர் 25 அன்று லக்னோ நகருக்குள் நுழையும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு நைட் பட்டம் கிடைத்திருக்கும் என்பதால், நைட் ஒருவரின் மனைவிக்குரிய மரியாதை அவருடைய விதவைக்கு அளிக்கப்பட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை எழுந்தது. அவருடைய பணி அட்டவணையை நான் எழுதியபோது கடைசி இரண்டு வரிகளை இப்படி நிரப்பினேன்: 1927, சிலையை அகற்றக் கோரித் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றனர். 1937, ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சாலையிலிருந்து அகற்றப்பட்டது, பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.